எல்லாருக்கும் போன திருத்தம்

மார்ச் 4

இன்று ஆபீஸே என்னால் சிரித்தது. எங்கள் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் வருகிற புகார்களை மெக்கானிக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர் சர்வீஸ் அக்கா. காலையில் எல்லாருக்கும் மெயில் போட்டிருந்தார்: நின்றுபோன லிஃப்டுகள் பற்றி மதியத்துக்குள் 'ரிவர்ட்' பண்ணவும். எனக்குக் கை சும்மா இருக்குமா? 'ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது, பதில் சொல்வது இல்லை. நாங்கள் எல்லாரும் மறுபடி குரங்காக வேண்டுமா அக்கா?' என்று எல்லாருக்கும் போகிற மாதிரி தட்டிவிட்டேன். மெக்கானிக்குகள் சிரித்த சிரிப்பு கீழே பார்க்கிங் வரை கேட்டது. அக்காவும் சிரித்தார்.

மார்ச் 6

அக்கா இப்போது மெயிலே போடுவதில்லை. ஒவ்வொரு மேசையாக நடந்து வந்து வாயால் சொல்கிறார். அவருக்கோ முழங்கால் வலி.

மார்ச் 7

"இந்த ஃபைலைக் கொஞ்சம் பாத்துடுங்க மேடம்." மேடமா? நானா? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து அக்காவிடம் எனக்கு 'வாடி, போடி'தான்.

மார்ச் 11

புதிதாகத் தொடங்கும் வாடிக்கையாளர் பிரிவுக்கு அக்காதான் பொறுப்பு என்று எல்லாருக்கும் தெரியும். அவரும் அப்படி ஒரு பதவிக்கு வருடக்கணக்காகக் காத்திருந்தார். இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "தனக்கு இங்கிலீஷ்ல எழுத வராதுங்கறாங்க. நீங்க பாத்துக்கறீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நடந்ததை அங்கேயே ஏன் சொல்லவில்லை? ஆசை. வேறென்ன.

மார்ச் 12

இன்றுதான் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். முதலில் நான் சொன்ன பொருள். அதன் கீழே, சில நாடுகளில் பதில் தருவது என்றும் வழக்கு. ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள், எழுதுகிறவர்களும் நிறைய. இதைப் பார்க்காமலா அவ்வளவு குதித்தேன்? சரி, தப்பாகவே இருக்கட்டும். யாருக்குப் புரியாமல் போனது? எல்லா லிஃப்டுக்கும் அன்று மதியத்துக்குள் பதில் வந்துவிட்டதே.

மார்ச் 13

கை கழுவும் இடத்தில் அக்காவைத் தனியாகப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சிரிக்கறதுக்கு எல்லாரும் வேணும். மன்னிப்புக்கு மட்டும் நான் ஒருத்தி போதுமா?"

கூனிக் குறுகிப் போனேன்.

மார்ச் 14

எல்லாருக்கும் போகிற மாதிரி மன்னிப்பு மெயில் எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன் — சீ, எவ்ளோ அசிங்கமா இருக்கு. மெக்கானிக்குங்க என்ன நினைப்பாங்க? அன்னிக்கு அக்காவுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்.

மார்ச் 18

அனுப்பிவிட்டேன், எல்லாருக்கும். அகராதியில் இருப்பதையும், பார்க்காமல் பேசி அக்காவை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்ததையும். கையோடு மேனேஜரிடம் போய், அந்தப் பொறுப்பு அக்காவுக்குத்தான் என்றேன்.

"நேத்தே வெளியிலேர்ந்து ஆள் எடுத்தாச்சே. நீங்களும் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

நான் யோசித்த லட்சணம் இது.

மார்ச் 19

மெயிலுக்கு அக்காவிடமிருந்து பதில் வரவில்லை. சாயங்காலம் அந்தக் காலோடு என் மேசைக்கு நடந்து வந்தார்.

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க மேடம். நேர்லயே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

எழுந்து என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அக்கா உட்காரவில்லை.