மைனாவின் புதுச் சத்தம்

ஞாயிற்றுக்கிழமை

அருமை மகளுக்கு அப்பா எழுதுவது.

முதலில் வக்கீலைப் பற்றி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற வரிகளையெல்லாம் தாண்டிக் குதித்து அதைத்தான் தேடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? உன் மைனா சௌக்கியம். தினமும் கிண்ணத்துத் தண்ணீரில் இறங்கிக் குளித்து, நான் படிக்கும் பேப்பரை நனைக்கிறது. யார் எது பேசினாலும் குறுக்கே பேசுகிறது. வக்கீல் என்று நீ பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

பஸ் ஹாரனும் குக்கர் விசிலும் பழைய கதை. இப்போது என் குரலில், "ஏய், என் சட்டை எங்கே?" என்று கேட்கிறது. போன வாரம் நான் பஸ் டிப்போவில் வேலையில் இருக்கும்போது உன் அம்மா வீடு முழுக்கச் சட்டையைத் தேடியிருக்கிறாள். தேடி முடித்த பிறகுதான், மனுஷன் காலையிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டாரே என்று ஞாபகம் வந்ததாம். சாயங்காலம் எனக்குத்தான் திட்டு விழுந்தது. பறவையைத் திட்ட அவளுக்கு மனசு வராது.

அப்படிப்பட்டவள் இப்போது அதை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறாள். அதற்குத்தான் இந்தக் கடிதம். விஷயம் இதுதான். மைனா புதிதாக ஒரு சத்தம் பிடித்திருக்கிறது. "ஹா... ஹா..." என்று மூச்சு வாங்குகிறது. கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வருகிறேன் அல்லவா, என்னைக் கேலி செய்கிறது! கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். கைதட்டி, ஒரு திராட்சை கொடுத்தேன். இப்போது திராட்சை வேண்டுமென்றால் உடனே "ஹா... ஹா..." தான். உன் அம்மா சிரிக்கவில்லை. கூண்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, "இந்தச் சனியனை யாருக்காவது குடுத்துத் தொலைங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழையில் கூட்டிலிருந்து விழுந்து கிடந்ததை நீ கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தபோது அதற்கு ஒரு இறகுகூட இல்லை. ராத்திரி பகல் பார்க்காமல் மாவு கரைத்து ஊட்டியவள் அவள்தானே? நீ பேசிப் பார். அப்பா சொன்னார் என்று மட்டும் சொல்லாதே. உன் கால்நடை மருத்துவப் படிப்பில் பறவைப் பாடம் வந்துவிட்டதா? மைனா ஆளைக் கேலி செய்யுமா என்று உன் பேராசிரியரிடம் கேட்டு எழுது. டிப்போவில் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கப் போவதால் அம்மாவுக்குச் சீருடை தைக்கும் வேலை குவிந்து கிடக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்கிறாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நம் பழைய ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். எதற்கு என்று கேட்டால், பை தூக்கி வருகிறவர்கள் உட்காரட்டுமே என்கிறாள். ஊருக்கெல்லாம் இவள் ஸ்டூல் போடுகிறாள்!

இந்தக் கடிதத்தை, உன் ஊருக்கு பஸ் ஓட்டும் நம் நீளக்கழுத்து டிரைவர் ஒட்டகம் உன் விடுதி வாசலில் கொண்டுவந்து தருவான். பதிலையும் அவனிடமே கொடு. கடைசி வருஷப் பரீட்சை, உடம்பைப் பார்த்துக்கொண்டு படி.

அன்புடன்
அப்பா


வியாழக்கிழமை

மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

உன் பதிலை ஒட்டகம் கொடுத்தபோது நான் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். அப்படியே டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். மைனாவுக்குக் கேலியெல்லாம் தெரியாது, தனக்குப் பிடித்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் அது பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். "அப்பா, உங்களை அது பார்க்கிறதே சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். மாடி ஏறின மூச்சு வீட்டுக்குள்ளே வரதுக்குள்ளே அடங்கிடுமே? பகலெல்லாம் அது கூட இருக்கிறவங்களை விசாரிங்க. பந்தயத்துல தோத்தாச்சு!" என்று சிரித்து எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகலெல்லாம் அதனுடன் இருப்பது யார்? அடியில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது. வெளியே இருந்தவன், "அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று காலைத் தட்டினான்.

வயிற்று வலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அம்மா தைத்த துணிகளைக் கடையில் கொடுக்கப் போயிருந்தாள். கூண்டின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எப்போதும் வாய் ஓயாதது, அன்றைக்குப் பார்த்து அழுத்தமாக இருந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்து என்னையே பார்த்தது. பிறகு ஆரம்பித்தது.

முதலில் தையல் மெஷின் சத்தம். டக டக டக என்று ஓடி, சட்டென்று நின்றது. அடுத்து நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். அதற்கப்புறம்தான் அந்த மூச்சு. மாடி ஏறுகிறவன் மூச்சு அப்படி இருக்காது. பாதியில் நிற்கிறது, திரும்பக் கிடைக்காமல் தேடுகிறது, கொஞ்சமாகக் கிடைக்கிறது. முடிவில் உன் அம்மா குரல், "ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல..." என்றது. போதும், நிறுத்து என்று அந்த வாயில்லா ஜீவனிடம் கெஞ்சினேன். அது நிறுத்தவில்லை. குரலை இறக்கி, ரகசியம் சொல்வது போல, "யார்கிட்டயும் சொல்லாத, என்ன?" என்றது.

அந்த "என்ன" இருக்கிறதே, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குத் தெரியாமல் மிட்டாய் கொடுத்துவிட்டு உன் காதில் சொல்வாளே, அதே "என்ன".

என்ஜினை ஓடவிட்டுக் கேட்டாலே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் நான். வீட்டில் ஒருத்தி மூச்சுக்குத் தவித்திருக்கிறாள், அதற்கு நான் கைதட்டித் திராட்சை கொடுத்திருக்கிறேன். அவள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அப்போதுதான் அவள் மாடி ஏறி வரும் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடியில் காலடி நின்றது. ஸ்டூல் கிறீச்சிட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்க வேண்டாமா? கதவுக்கு இந்தப் பக்கம் மரம் மாதிரி நின்றேன். உள்ளே வந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன இந்நேரத்துல?" என்றாள். வயிற்று வலி என்றேன். அவ்வளவு நேரம் மனசில் வைத்திருந்ததை விட்டுவிட்டு, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டேன். "வயித்து வலின்னு வந்துட்டு சாப்பாடு கேக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

பயமாக இருக்கிறது மகளே. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம். கேட்காதவரைக்கும் அது பறவை போட்ட சத்தம்தானே என்று மனசை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். டிப்போவில் இருந்து அடிக்கடி போன் செய்து, என்ன செய்கிறாய் என்று கேட்கிறேன். அவள் எடுக்கும்வரை எத்தனை மணி அடித்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். நேற்று அவள் எடுத்து, "என்ன, இந்த வயசுல என் மேல சந்தேகமா?" என்றாள். அந்தக் கேலியைக் கேட்டதும் அப்பாடா என்று இருந்தது.

உன்னிடம் போனில் பேசினால் வீட்டில் அவள் காது இருக்கும். டிப்போவில் நாலு பேர் இருப்பார்கள். அதைவிட, எதையாவது உளறிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ அவளைக் கேள். நீ கேட்டால் சொல்வாள். உன் அப்பன் வாய்ச்சொல் வீரன், இந்த ஒரு வாக்கியத்துக்கு அவனிடம் வாய் இல்லை.

அப்பா


செவ்வாய்க்கிழமை

என் கண்ணுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

நீ போன் செய்து கேட்டபோது, எனக்கு ஒன்றும் இல்லை, உன் அப்பாவுக்குத்தான் காது கெட்டுவிட்டது என்று சொல்லிச் சிரித்தாளாமே. போனை வைத்த கையோடு கூண்டைத் தூக்கிக்கொண்டு போய் மேல்வீட்டு டியூஷன் டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். நான் வந்து பார்க்கிறேன், ஜன்னலோரம் காலியாக இருக்கிறது. அப்போதும் கேட்கவில்லை. தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் சாயங்காலம் டீச்சரே கூண்டோடு இறங்கி வந்தாள். "அக்கா, பிள்ளைங்க கணக்குப் போடாம எல்லாம் இது மாதிரி மூச்சு வாங்கிக் காட்டுதுங்க. வீட்டுப்பாடம் ஏன் செய்யலேன்னு ஒருத்தனைக் கேட்டா, பக்கத்துல இருக்கிறவன் யார்கிட்டயும் சொல்லாதங்கிறான்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது போகட்டும். இது உங்க குரல்க்கா. எங்க அத்தைக்கும் இப்படித்தான் வாங்கும். டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றாள்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் எதுவும் கேட்காமலே எனக்குத் தெரியும் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தாள். கூண்டைப் பார்த்து, "உன்னை நம்பித்தானேடா சொன்னேன்" என்றாள். டீச்சர் அழுதுவிட்டாள்.

அவள் ஏற்கெனவே தனியாகப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறதாம், ஆபரேஷன் செய்துதான் மாற்ற வேண்டுமாம். உன் பரீட்சை முடியட்டும் என்று இவளாகவே தள்ளிப் போட்டிருக்கிறாள். தெரிந்தால் நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய், ஒரு வருஷம் வீணாகிவிடும் என்றாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி" என்று கத்தினேன். "உங்ககிட்ட சொன்னா அவகிட்ட சொன்ன மாதிரிதானே" என்றாள். கத்தின வாயை மூடிக்கொண்டு அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். வேடிக்கையைப் பார், நோயாளி எனக்கு முதுகு தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் இரண்டு பேருமாகப் போனோம். இனி ஒரு நாளும் தள்ளக் கூடாது என்று டாக்டர் கடுமையாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சேர்க்க வேண்டும், சனிக்கிழமை காலையில் ஆபரேஷன். பயப்படாதீர்கள், இப்போது இது சகஜம் என்று என் தோளைத் தட்டினார். அவருக்குச் சகஜம். நான் பிரித்துப் போட்ட என்ஜின் கிளம்பாவிட்டால் மறுபடியும் பிரித்துப் பார்ப்பேன். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன். அவளைப் பிரித்து மூடப் போகிறார்கள் என்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடச் சொன்னபோது என் பெயரை நான் தப்பாக எழுதினேன்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையை அவள் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். செய்தேன். இப்போது மீறுகிறேன். சத்தியத்தை மீறினால் வரும் பாவம் எல்லாம் என் தலையில் விழட்டும், அவளை விட்டுவிடட்டும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இரண்டு நாளாக அவள் எனக்கு வீட்டைச் சொல்லிக்கொடுக்கிறாள். குக்கரில் எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும், பீரோ சாவி எந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது, உனக்கு எந்தச் சோப்பு ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். மிக்ஸியை எப்படிக் கழற்றிக் கழுவுவது என்று மெக்கானிக்கான எனக்கே பாடம் எடுக்கிறாள். நான் காதில் வாங்குவதில்லை. வேண்டுமென்றே மறக்கிறேன். சோற்றைக் குழைய விட்டேன். பாலைப் பொங்க விட்டேன். "இவ்வளவு மக்கா நீங்க?" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் கற்றுக்கொண்டுவிட்டால், சரி, இனி கவலையில்லை என்று அவள் நிம்மதியாகிவிடுவாள். அவள் நிம்மதியாகவே கூடாது மகளே. இந்த ஆளை இப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது என்ற கவலையோடு அந்த ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டும்.

பரீட்சையை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். ஒட்டகம் உன் விடுதி வாசலிலேயே காத்திருப்பான், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறான். கிளம்பி வா. வந்ததும் நம் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டு விழும், வாங்கிக்கொள்வோம். பிறகு, "அம்மா, அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதே, நீயே திரும்பி வந்து செய்" என்று நீ அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லத் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அதை உன் அம்மா பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்
அப்பா