சொன்னதைச் செய்துவிட்டார்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் இடுப்பு வலியும் சுகமாகத்தான் இருக்கிறது, அவரை விட்டுப் போகிற உத்தேசமே அதற்கு இல்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் அதிகம் சண்டை போடாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போன தடவை போனில் நீ கேட்டாயே, அப்பா ஏன் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இருக்கிறார், உடம்புக்கு ஏதாவதா, எனக்கு மறைக்கிறீர்களா என்று. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படிச் சொல்வது, அதனால் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது அவர் சலூனின் ஆண்கள் பக்கம் இருக்கிறார், பெண்களுக்கு வெட்டுகிற என் பக்கம் வாடிக்கை யாரும் இல்லை, துண்டெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன், ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பாவின் கட்சி உனக்குத் தெரியும். பழமைவாதக் கட்சி என்று பேப்பரில் போடுவார்கள், அப்பா வாயில் அது நம்ம கட்சி, எதிரே செருப்புத் தைக்கும் எதிர்க்கட்சிக்கார மாமா வாயில் அது 'பழசு'. பழைய முறையே நல்ல முறை, இருப்பதைக் காப்பாற்றுவோம், குடும்பம்தான் முக்கியம் என்று பேசுகிற கட்சி. எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன், ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர்கள் தவறாமல் சொல்கிற ஒன்று, ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடைகளையும் மூடிவிடுவோம் என்பது. போன வருஷம் பழைய தலைவர் பாதியில் விலகி நடந்த இடைத்தேர்தலில் நகராட்சித் தலைவர் பதவிக்கு நின்ற கணக்கு டீச்சரும் அதையே சொன்னார். உனக்கும் சின்னவளுக்கும் கணக்குப் போட்டுக் காதைத் திருகினாரே, அதே டீச்சர்தான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அரசியலுக்கு வந்துவிட்டார். "வாரத்துல ஒரு நாளாவது அப்பனும் பிள்ளையும் ஒண்ணா உக்காந்து சாப்பிடட்டும்" என்று மேடையில் சொன்னதும் முதலில் கைதட்டியது உன் அப்பா. கூடவே, நம் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கிற பிரசவ வார்டை எந்தக் காரணத்துக்காகவும் மூட விடமாட்டோம் என்றும் சொன்னார். அதற்கும் தட்டினார். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் குறுகுறுப்பு தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதானே நமக்குப் பிழைப்பே, மற்ற நாளெல்லாம் நாற்காலி காலியாகச் சுற்றுகிறது, அன்றைக்கு மூடச் சொன்னால் என்ன பண்ணுவீர்கள் என்று கேட்டேன். அப்பா சிரித்தார். "அடி போடி, அதெல்லாம் செய்ய மாட்டாங்க. எத்தனை எலெக்‌ஷனா சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்றார். அப்போ எதை நம்பி ஓட்டுப் போடுகிறீர்கள் என்றேன். "மத்ததை" என்றார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. சொன்ன சொல் தவறாத கட்சி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷன், இந்த ஒரு சொல்லில் மட்டும் அவர்கள் தவறிவிடுவார்கள் என்று எவ்வளவு நம்பிக்கையோடு இருக்கிறார் பார்.

டீச்சர் ஜெயித்தார். வந்த வேகத்தில் சொன்னதைச் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால் அபராதம் என்று ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார், படித்தால் வேறு மாதிரி ஆகிவிடும் என்பது போல. முதல் ஞாயிற்றுக்கிழமை அவரை நீ பார்த்திருக்க வேண்டும். காலையிலேயே குளித்துவிட்டுப் போவதற்கு இடம் இல்லாமல் நின்றார். அப்புறம் மாடியில் நான் வைத்திருக்கிற தொட்டிச் செடிகளை எல்லாம் கத்தரியால் ஒழுங்கு பண்ணினார், பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே கொஞ்சம் விட்டு, பின்னால் சரிவாக இறக்கி. ஒரு செடிக்குக் கண்ணாடி காட்டாத குறைதான். மத்தியானம் பஸ் டிரைவர் தம்பி பின்வாசல் வழியாக வந்து, "அண்ணே, எனக்கு லீவே இன்னிக்குத்தான், காதோரம் மட்டும் எடுத்து விடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்று கெஞ்சினார். அப்பாவின் கை துறுதுறு என்றது, எனக்கே தெரிந்தது. ஆனால் முடியாது என்றுவிட்டார். நம்ம கட்சி போட்ட சட்டத்தை நாமே மீறினால் நாளைக்கு எதிர்க்கடை மாமா முகத்தில் எப்படி முழிப்பது என்றார். டிரைவர் தம்பி காதை மறைத்த முடியோடு திரும்பிப் போனார், அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கமே ஒரு கடையில் வெட்டிக்கொள்கிறார் என்று கேள்வி. இப்படிப் போனவர்கள் இன்னும் சிலர் உண்டு. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், மளிகைக் கடை அக்கா என்னிடம் வந்து, கடை வைத்த நாளிலிருந்து மத்தியானத் தூக்கம் என்றால் என்ன என்றே தெரியாது, இப்போதுதான் தெரிகிறது, அந்த டீச்சர் நல்லா இருக்கணும் என்று சொல்லிக் கண் கலங்கினார். நமக்கு நஷ்டம் என்பதற்காக அதை இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சின்னவள் ஏழாம் மாதம் பரிசோதனைக்குப் போனாள். போனால் பிரசவ வார்டுக் கதவில் பூட்டு. பார்க்கிறதெல்லாம் இங்கே பார்ப்போம், பிரசவத்துக்கு மட்டும் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரிய ஊர் என்றால் பாலத்தைத் தாண்ட வேண்டும், அந்தப் பாலத்தில் வண்டிகள் நிற்கிற நிற்பு உனக்குத் தெரியும். அவள் மூத்த பிரசவத்தில் பட்ட பாட்டை நினைத்து, பெரிய ஊருக்குப் போகிற பஸ் நேரமெல்லாம் எழுதி வைத்தேன். அடுத்த நாள் அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா முடி வெட்டிக்கொள்ள என்னிடம் வந்தார். எப்போது மூடினார்கள், ஒரு சத்தமும் இல்லையே என்று கேட்டேன். "டாக்டர் வரலைன்னு மூடினாங்க. இப்ப வார்டு மூடியிருக்குன்னு டாக்டரை அனுப்ப மாட்டேங்கறாங்க. இதுல எது முதல்லன்னு எங்களுக்கே மறந்து போச்சு" என்றார். நம் கடை உனக்குத் தெரியுமே, ஆண்கள் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் நடுவில் ஒரு திரைதான். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது.

அப்பா வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, நேரே படுத்துவிட்டார். எனக்கோ கோபத்தைவிட, இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. ஒரே ஆள், ஒரே மேடை, ஒரே மூச்சில் சொன்ன இரண்டு விஷயம், ஒன்று நடக்கிறது, ஒன்று நடக்கவில்லை, ஏன்? முதலில் செருப்புத் தைக்கும் மாமாவோடு அவர் கட்சி ஆபீசுக்குப் போனேன், அப்பாவுக்குத் தெரியாமல்தான். அங்கே ஒருவர் நல்ல வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஜெயித்து வந்தால் அந்த வார்டை என்று நான் ஆரம்பித்தேன், "கண்டிப்பாம்மா" என்றுவிட்டார். நான் இன்னும் சொல்லியே முடிக்கவில்லையே என்றேன். "எதுவா இருந்தாலும் செஞ்சுடலாம்மா" என்றார். வெளியே வந்ததும் மாமாவே தலையைச் சொறிந்துகொண்டு, "கொஞ்சம் அவசரப்பட்டுட்டாப்ல" என்றார்.

அப்புறம் ஒரு வேலை நாளில் டீச்சரே என்னிடம் முடி வெட்டிக்கொள்ள வந்தார். இத்தனை வருஷமாக அவருக்கு வெட்டுவது நான்தான். கழுத்தில் துணியைக் கட்டி, தலையை நனைத்து, கிளிப் போட்டுப் பிரித்து வைத்தேன். அந்த நிலையில் யாரும் எழுந்து போக முடியாது, அது எனக்கு வசதியாகப் போயிற்று. டீச்சர், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எப்படி இவ்வளவு சுருக்காக முடித்தீர்கள் என்று கேட்டேன். "அது என் கையில இருந்துது, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார். வார்டு? "அது மேல இருக்கறவங்க முடிவு பண்றது." இது அன்றைக்கு மேடையில் நிற்கும்போதே உங்களுக்குத் தெரியுமா என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தெரியும்" என்றார். "நான் சொல்லலைன்னா எதிர்க்கட்சிக்காரங்க சொல்வாங்க, ஜெயிச்சுடுவாங்க. முதல்ல ஜெயிப்போம், அப்புறம் எப்படியாவது பண்ணிக்கலாம்னு இருந்துட்டேன். பொய்ன்னு நினைச்சுச் சொல்லலம்மா."

அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது. கூட்டத்துக்கு நாற்காலி போட்டிருக்கிறார், கொடி கட்டியிருக்கிறார், கைதட்டியிருக்கிறார், ஆனால் அந்தக் கட்சியில் யாரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை. "டீச்சர், என் சின்னப் பொண்ணுக்கு மாசம் ஏழு. நீங்க மூடச் சொன்னதை நான் மூடிட்டேன். நீங்க மூட மாட்டேன்னு சொன்னது என்ன ஆச்சு?" குரல் உயரவே இல்லை. டீச்சர் தலையில் கிளிப்போடு, கழுத்துத் துணியோடு எழுந்து போய்த் திரையை விலக்கினார். அந்தப் பக்கம் பாதிக் கன்னம் சோப்பு நுரையோடு ஒருவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை அவருக்கு. "நான் மூடலை. ஆனா மூடறப்ப நான் ஒரு சத்தமும் போடலை. மேலயும் நம்ம கட்சிதானே இருக்கு, எதிர்த்துப் பேசினா நல்லா இருக்காதுன்னு பேசாம இருந்துட்டேன்" என்று டீச்சர் சொன்னார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். டீச்சர் திரும்ப வந்து உட்கார்ந்தார், நான் மீதியை வெட்டி முடித்தேன். பின்னால் ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்றமாகிவிட்டது, அவரும் கேட்கவில்லை நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு டீச்சர் தலைநகரத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார் என்று பேப்பரிலேயே வந்தது. சொந்தக் கட்சி மந்திரியின் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். வார்டு கிடைக்கவில்லை. ஆனால் பிரசவத்துக்கென்றே ஒரு வேன் கிடைத்தது, எந்நேரமும் ஆஸ்பத்திரி வாசலில் டிரைவரோடும் ஒரு நர்ஸோடும் நிற்கும். குழந்தை பிறந்ததை உனக்குப் போனில் சொன்னோமே தவிர, எப்படிப் போனோம் என்று சொல்லவில்லை, நீ அங்கே தனியாக உட்கார்ந்து பயப்படுவாய் என்றுதான். அந்த வேனில்தான் போனோம். பாலத்தில் வழக்கம்போல அடைப்பு. சின்னவள் என் கையை நெரித்தாள், இன்னும் விரல் வீங்கித்தான் இருக்கிறது. அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, வழி விடுங்க வழி விடுங்க என்று கத்திக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டு, ஸ்டிரெச்சரில் ஏற்றி, கதவை மூடினார்கள், நான் செருப்பை எங்கே விட்டேன் என்று தேடுவதற்குள் அழுகைச் சத்தம் கேட்டுவிட்டது. வேன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன், உடனே வார்டு இருந்திருந்தால் வேனே எதற்கு என்றும் நினைக்கிறேன். இரண்டும் நிஜம்தானே, எதை முன்னால் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பதவிக்காலத்தில் மிச்சமிருந்ததும் முடிந்து இப்போது மறுபடி தேர்தல், வருகிற வாரம். மந்திரி வாசலில் உட்கார்ந்ததற்காக டீச்சருக்குக் கட்சி இந்த முறை இடம் கொடுக்கவில்லை. மரக்கடைக்காரரை நிறுத்தியிருக்கிறார்கள், ஜெயித்த மறுநாளே வார்டைத் திறப்பேன் என்கிறார் அவர். வெள்ளைச் சட்டைக்காரர் எதிர்க்கட்சியில் நிற்கிறார், எல்லாவற்றுக்கும் கண்டிப்பாக. டீச்சர் தனியாக நிற்கிறார். அவர் நம் தெருவில் பேசியதை நானே நின்று கேட்டேன், "வார்டைத் திறப்பேன்னு என்னால சொல்ல முடியாது, அது என் கையில இல்லை. வேனை நிறுத்த விடமாட்டேன், சத்தம் போட்டுக்கிட்டே இருப்பேன். ஞாயித்துக்கிழமை கடை மூடறதை எடுக்க மாட்டேன், உங்களுக்குக் கோபம் இருந்தாலும்" என்றார். கூட்டத்தில் யாருக்கும் எங்கே கைதட்டுவது என்று தெரியவில்லை. உங்கள் ஊரில் எப்படி, பெரியவளே? அங்கேயும் பழையதைக் காப்பாற்றுகிற கட்சி உண்டாமே, அவர்கள் சொன்னதைச் செய்கிறார்களா, செய்தால் ஓட்டுப் போட்டவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறதா? விசாரித்து எழுது, எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. இங்கே அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டு யாருக்கு என்பதைத் தெருவில் போகிற நாய்கூடச் சொல்லும். நேற்றுச் சாப்பிடும்போது, யாருக்குப் போடப் போகிறீர்கள் என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "ரகசிய ஓட்டாச்சே, வெளியில சொல்லக் கூடாது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்த்து, நீ யாருக்குடி என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டதே இல்லை, அவர் போடுகிற இடத்தில்தான் நானும் போடுவேன் என்று அவர் பாட்டுக்கு இருந்துவிட்டார். நானும் ரகசியம் என்றுவிட்டேன். அப்புறம் இருவரும் ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தோம்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, பெரியம்மா சொல்லட்டும் என்று சின்னவள் காத்திருக்கிறாள், யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்று மாதக்கணக்கில் இழுக்காதே. கடைவாய்ப் பல் வலி என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா இல்லையா, உண்மையை எழுது.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா