அம்மாவின் படம் என்று வந்த மின்னஞ்சல்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில் கொதி. கணினி சோம்பேறிபோல எழும்பப் பஞ்சிப்படுகிறது. நேற்று கனடாவில் இருக்கும் அக்காவின் பெயரில் ஒரு மின்னஞ்சல், “பழைய படங்கள்” என்று. இணைப்பைத் திறந்தேன். படம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து.

இவர் ஒரே ஏச்சு. “ஆர் எதை அனுப்பினாலும் உடனை திறக்கிறதோ?”

படம் என்றால் திறப்பேன்தான். போரில் இடம்பெயரும்போது எங்கள் ஆல்பத்தை உடையார்கட்டில் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டு ஓடினோம். திரும்பிப் போனபோது கிடங்கே இல்லை. முன்பு அக்காவுக்குத் தபாலில் அனுப்பிய பிரதிகள்தான் மிச்சம். சிலதை அக்கா ஸ்கான் பண்ணி அனுப்பி, இந்தக் கணினியில் இருக்கின்றன. மற்றவற்றில் அம்மா இருக்கிறாவா என்று பொங்கலுக்கே கேட்டு எழுதினேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

மார்ச் 5, புதன்

கணினி திருத்தும் ரமணன் தண்ணீரூற்று ஊரிலிருந்து வந்தார். தேத்தண்ணி, முறுக்கு.

“இது வைரஸ், அக்கா. கனடா அக்கா அனுப்பேல்லை. அவான்ர கணக்குக்குள்ளை ஆரோ பூந்து அனுப்பியிருக்கினம்.”

“படமெல்லாம் போச்சுதோ?”

“இல்லை, வேறையா எடுத்து வைச்சிருக்கிறன். இனி ஆரின்ர பேரிலை வந்தாலும், கேட்டிட்டுத் திறவுங்கோ.”

துப்புரவு முடிந்தது. கடவுச்சொல் மாற்றம். வைரஸ் தடுப்பும் புதிது. அக்காவையும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிச் செய்தி போட்டேன்.

அவர் போன பிறகு படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. வேட்டியில் ஐயா, என்ன மிடுக்கு! எவ்வளவு சிரிப்பு இருந்த வீடு. அம்மா எதிலும் இல்லை. கமெராவைக் கண்டால் அடுப்பைச் சாட்டிக் குசினிக்குள் ஓடிவிடுவா. ஒருநாளாவது இழுத்துவந்து நிறுத்தியிருக்கலாம்.

மார்ச் 8, சனி

மழைக்குணம். மிளகாய் காயவில்லை.

அக்காவிடமிருந்து மின்னஞ்சல். “அம்மாவின் படம் இருக்கிறதா?” என்று நான் எழுதியதற்குப் பதிலாகவே வந்திருக்கிறது, இணைப்போடு. திறக்கவில்லை. கேட்காமல் திறக்கக்கூடாது.

அங்கே விடியும்வரை காத்திருந்தேன். மத்தியானச் சோறு இறங்கவில்லை. பின்னேரம் அழைத்தேன்.

“அக்கா, அம்மான்ர படம் அனுப்பினனீங்களோ?”

“இல்லையடி, நான் அனுப்பேல்லை. கடவுச்சொல்லும் இன்னும் மாத்தேல்லை. பெட்டி முழுக்கத் தேடிப்போட்டன், ஒண்டிலையும் அவா இல்லை. உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் எழுதேல்லை.”

இரண்டு பேரும் அழுதோம்.

கணினிக்கு முன்னால் வந்து இருந்தேன். அம்மாவின் படம் என்று திரையில் நிற்கிறது. பொய் என்று தெரியும். அழிக்க வேண்டும். என் கையால் முடியவில்லை. இவரைக் கூப்பிட்டேன்.