பத்துமலைக்கு மாற்றிய பணம்

மாமாவுக்கு,

நலம்தானே? தைப்பூசத்துக்கு நம் செந்துறையிலிருந்து ஒரு குழு மலேசியாவில் பத்துமலை முருகனைப் பார்க்கக் கிளம்புகிறது. நானும் வருகிறேன். பதற வேண்டாம், உங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்.

கூட்டிப்போகிற சிங்காரவேலு அண்ணன், கைச்செலவுக்கு ஆளுக்கு எவ்வளவு ரிங்கிட் மாற்ற வேண்டும் என்று கேட்டார். பக்கத்து வீட்டு மேகலா சாக்லேட், கோடாலித் தைலம், புடவை என்று கணக்குப் போட்டாள். என்னிடம் வந்ததும் அண்ணன், "உனக்கென்னம்மா, அங்க வூட்டுக்காரரு இருக்காரு, அவரு பாத்துக்குவாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐம்பது ரிங்கிட் போதும் என்று சொல்லிவிட்டேன்.

உங்களோடு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சுரேஷ்குமார், போனில் ஒரு படம் காட்டினான். உங்கள் மடியில் மூன்று, நான்கு வயதுப் பெண்குழந்தை. மூக்கு அப்படியே உங்கள் அம்மாவுடையது. உங்கள் அம்மாவிடம்கூட இதை நான் சொல்லவில்லை.

பூசத்துக்கு மறுநாள் காலை கோயில் படிக்கட்டின் கீழே நிற்பேன். அவளை மட்டும் கூட்டி வாருங்கள். குழந்தையை முதல் தடவை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. அந்த ஐம்பது ரிங்கிட் அவள் கையில் வைக்கத்தான்.

நான் யாரென்று கேட்பாள். பெரியம்மா என்று சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் சொல்லிவிடுவாள். ஊரிலிருந்து வந்த அத்தை என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செந்துறையில் இருப்பவள்