ஓவர்டைம் இனி வராதோ

9 ஆடி 1972, இரவு.

இன்று பின்னேரம் லிங்கநகர் வீட்டுக்குத் துரை வந்தார். கடற்படைத் தளத்தில் நான் டைம் கீப்பராக இருந்தபோது எனக்கு மேலதிகாரி. தளத்தை மூடிவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரர், இப்போது ஊர் பார்க்க வந்திருக்கிறார்.

கதிரையில் இருந்ததிலிருந்து வாய்க்கு வாய் டைம் என்றார். என் மனைவி திரேசாவுக்கு நான் தமிழில் சொன்னேன். ஓரிடத்தில் நேரம் என்றேன், ஓரிடத்தில் தடவை என்றேன், இன்னோரிடத்தில் காலம் என்றேன். வெள்ளைக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். பாடு எனக்குத்தான்.

திரேசா தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே, "ஓவர்டைம் இனி வராதோ எண்டு கேளுங்கோ" என்றாள். கேட்டேன். துரை சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஓவர்டைம் நாட்களில் நான் வர எவ்வளவு பிந்தினாலும் இவள் வாசல் படலையடியில் விளக்கோடு நிற்பாள். குசினியில் அறக்குளா மீன் பொரியல் மணக்கும்.

போகும்போது துரை, தன் வாழ்க்கையில் நல்ல காலம் இந்தத் துறைமுகத்தில் இருந்த காலம்தான் என்றார். அதையும் தமிழில் சொன்னேன்.

"எனக்கும் அதுதான் எண்டு சொல்லுங்கோ" என்றாள் திரேசா.

துரைக்கு அதை நான் சொல்லவில்லை. எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். அந்த வருடங்களில் கூரை ஒழுகியது, பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல். நான் வீட்டில் இருந்ததைவிடத் தளத்தில் இருந்ததுதான் கூட.

அவள் நித்திரையாகிவிட்டாள். எந்த நாளை நினைத்துச் சொன்னாள் என்று கேட்டிருக்கலாம்.