முதல் நாளே அனுப்பிய பதக்கம்

கட்டுகஸ்தோட்டை,
9.11.2003

அன்பு மகள் பரிமளத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் எழும்பி நடமாடுகிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தச் சார்ஜா வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் வாரம் தவறாமல் சொல்லி வைக்கிறேன். அம்மாவுக்கு மழையோடு முழங்கால் வலி கூடியிருக்கிறது, ஆனால் என்னை ஏசுவதற்கு முழங்கால் தேவையில்லை என்பதால் அந்த வேலை குறைவில்லாமல் நடக்கிறது. நீ அனுப்பிய சேலையைத் தீபாவளிக்குக் கட்டினாள், பக்கத்து வீட்டு றம்லத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, மகள் ஈக்கிற எடத்துக்கு எங்களையும் எடுக்கச் செல்லுங்கோ என்றாளாம். போன கிழமை போனில், ஏன் அப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், தடிமன் என்றேன். தடிமன் இல்லை மகள். போனில் என்றால் ஏதாவது பகிடி சொல்லித் தப்பிவிடுவேன், காகிதத்தில் தப்ப முடியாது என்றுதான் எழுதுகிறேன். அம்மாவுக்கு இதில் பாதிதான் தெரியும்.

உன் அப்பா தும்பறைப் பல்கலைக்கழகத்தில் புத்தகம் கட்டுகிறவனாகச் சேர்ந்தவன், சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் இரண்டு முறை கவிழ்த்துவிட்ட மேதை. சிங்களம் வாசிப்பான், தமிழ் எழுதுவான் என்ற ஒரே குற்றத்துக்காகப் பத்திரிகைத் தொடர்புப் பிரிவில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் ஏக்கநாயக்க மாத்தயா சிங்களத்தில் எழுதும் செய்தியை நான் தமிழாக்க வேண்டும், அலவத்துகொட லாபிர் அதைக் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு பெக்ஸ் பண்ணுவான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம், விழா நடக்கும் முன்பே அது நடந்து முடிந்ததாக எழுதி வைத்துவிடுவோம். ஒருவரும் கைதட்டுவதற்கு முன்னால் மண்டபம் அதிர்ந்தது என்று எழுதியிருக்கிறேன், வராத மந்திரிக்கு மாலை போட்டிருக்கிறேன். ஆனால் விழா நாள் காலையில் கடைசிப் பட்டியல் வரும், அதைப் பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். அதுதான் சட்டம், அதை லாபிருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

போன மாதம் முதல் சனிக்கிழமை பட்டமளிப்பு விழா. புவியியலில் தங்கப் பதக்கம் ஞானேஸ்வரி என்ற பிள்ளைக்கு என்று முதல் பட்டியலில் இருந்தது. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ராக்கம்மாவின் மகள். எனக்குத் தலைகால் புரியவில்லை, என் தாயும் அதே வேலை செய்தவள்தானே. இந்தச் செய்தி முன்பக்கத்தில் வர வேண்டும் என்று தோட்டம், லயம், தாயின் பெயர் எல்லாம் சேர்த்து உருகி எழுதினேன். சனிக்கிழமை அம்மாவை முழங்காலுக்குக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக லீவு போட்டிருந்தேன், அதனால் வெள்ளிக்கிழமை பகலே அனுப்பச் சொல்லிவிட்டேன். லாபிர் கேட்டான், அண்ணே நாளக்கிப் பட்டியல் வரோணுமே என்று. போடா, தங்கம் ஒரு நாளில் பித்தளை ஆகுமா என்று சொன்னேன். ஆனது மகள். சனிக்கிழமை காலையில் பரீட்சைப் புள்ளிகளைத் திரும்பக் கூட்டியதில் பதக்கம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. மாத்தயா சிங்களச் செய்தியைத் திருத்தி அனுப்பினார், தமிழ்ச் செய்தி இன்னும் போகவில்லை என்ற நினைப்பில் புதுப் பட்டியலை என் மேசையில் வைத்துவிட்டார். நான் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து நாளைக்கு முன்பக்கம் என்று அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முன்பக்கத்தில் வந்தது. அந்தப் பிள்ளை அன்று காலைதான் விடுதியிலிருந்து பஸ் ஏறியிருக்கிறது. தகப்பன் கறுப்பையா, போடச் சரியான சட்டை இல்லை என்று விழாவுக்கே போகாத மனிதன், பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தியில் நின்றிருக்கிறார். தோட்டமே தப்பு மேளம் அடித்து மாலையோடு நின்றிருக்கிறது. பிள்ளை இறங்கியதும் எல்லாரும், எங்க தாயி பதக்கம், காட்டு பாப்போம் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கெடைக்கலங்க, பேப்பர்ல வந்தது எனக்குத் தெரியாது என்று அது சொல்லியிருக்கிறது. தப்பு நின்றுவிட்டதாம். பொய் சொல்லி பேர் போட்டுக்கிட்டா போல என்று யாரோ முணுமுணுத்தார்களாம்.

திங்கட்கிழமை மாத்தயா என்னைக் கூப்பிட்டார். ஏசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பிழை நம்முடையது என்று போட்டால் பல்கலைக்கழகத்தின் பெயர் போகும், உனக்கும் ஓய்வுக்குப் பதினாலு மாதம்தான் இருக்கிறது, மாணவி தவறான தகவல் கொடுத்துவிட்டார் என்று திருத்தம் அனுப்பு என்றார். நான் மேசைக்கு வந்து இரண்டு திருத்தம் எழுதினேன், ஒன்று அவர் சொன்னபடி, மற்றது பிழை என்னுடையது என்று. லாபிர் இரண்டையும் வாசித்துவிட்டு, அண்ணே, ஒங்கட பேர் ஈக்கிறதயே அனுப்புவோம், கேட்டா நான் தாள் மாறிப்போச்செண்டு செல்றேன் என்றான். நாலு பிள்ளைக்காரன், அவனுக்கு அந்தத் தைரியம் இருந்தது. நான் அவனிடம் மாத்தயாவின் தாளைக் கொடுத்தேன். அவன் அதையே அனுப்பினான். அன்றிலிருந்து தேத்தண்ணிக்கு என்னைக் கூப்பிடுவதில்லை.

திருத்தம் வந்து நாலு நாளில் கறுப்பையா கந்தோருக்கு வந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன், பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பையில் நாலு பட்டர்புரூட் பழம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, ஐயா நம்ம ஆளுன்னு சொன்னாங்க, எம் புள்ள ஏதோ தெரியாத்தனமா பேப்பர்காரங்ககிட்ட சொல்லிருச்சு, கேட்டா நான் சொல்லலன்னு சாதிக்குது, பேப்பர்ல போட்டிருக்கே பொய்யா போடுவாங்க, அதுக்கு இங்கயே படிச்சுக் குடுக்கிற வேலை தரதா இருந்தாங்களாம், அது போயிரக் கூடாது, மன்னிச்சுக்கச் சொல்லி ஒரு கடிதாசி எழுதிக் குடுங்கய்யா என்றார். பரிமளம், அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் பேனையைத் திறந்தேன். எழுதி, வாசித்தும் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கீங்க என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். நான் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் அவரே நேராக மாத்தயாவின் அறைக்குப் போய்க் கும்பிட்டுக் கொடுத்துவிட்டார். மாத்தயா முத்திரை குத்தி பைலில் போட்டுக்கொண்டார். பிழையைத் தகப்பனே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அடுத்த கிழமை அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

போன ஞாயிறு அம்மாவிடம் சாவு வீட்டுக்கு என்று பொய் சொல்லி நாவலப்பிட்டிக்குப் போனேன். லயத்து வாசலில் கறுப்பையா கதிரை போட்டு உட்கார வைத்தார், எங்களுக்காகக் கடிதாசி எழுதின ஐயா என்று மகளுக்கு என்னை அறிமுகம் செய்தார். ஞானேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து என் கையில் கொடுத்தது, வாங்க என்று மரியாதையாகச் சொன்னது. என்னோடு அதற்குக் கோபமில்லை, நான் யார் என்று தெரியாதே. அது பேசாமல் இருப்பது தகப்பனோடு. ஒரு மாதமாக அவரோடு ஒரு வார்த்தை இல்லை என்று ராக்கம்மா அழுதது. நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். வேறு என்ன செய்தாய் என்று கேட்காதே, வேறு ஒன்றும் செய்யவில்லை.

நடந்தது முழுவதையும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை, அவளுடைய தகப்பனுக்காவது தெரிய வேண்டும். மூன்று நாளாக அது சட்டைப் பையிலேயே கந்தோருக்குப் போய் வருகிறது. அதன் பிரதி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். மாப்பிள்ளைக்குக் காட்டினாலும் பரவாயில்லை, மாமனார் பெரிய எழுத்தாளர் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது போதும். வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க மறக்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மாவின் ஆசீர்வாதம், அதற்குப் பின்னால் என்னுடையதும். பதில் போடும்போது வேறு எதையும் விசாரிக்காமல் முதல் வரியிலேயே, கொடுத்தீங்களா அப்பா என்று கேள். நீ கேட்பாய் என்ற பயத்திலாவது கொடுப்பேனா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
செ. அழகமுத்து