தொட்டியில் யார் கை வைத்தது?

மார்ச் 3
போன வாரம் வாங்கிய புதுக் காந்தம் நன்றாகத்தான் துடைக்கிறது. பவளத் தொட்டிக்குள் ஒரு துண்டு, வெளியே ஒரு துண்டு. வெளியே இருப்பதை நகர்த்தினால் உள்ளே இருப்பதும் கூடவே வந்து கண்ணாடியில் படிந்த பாசியை வழித்துவிடுகிறது. இனி உப்புத் தண்ணீரில் முழங்கை வரை நனைய வேண்டாம்.

காளான் பவளம் மட்டும் நேற்றிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறது. பாதிதான் விரிந்திருக்கிறது.

அண்ணன் போன் செய்தார். மகன் வீட்டில் ஒத்துவரவில்லையாம். "ஒரு ரெண்டு வாரம் அங்க வரட்டுமா?" வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மார்ச் 6
வந்துவிட்டார். ஒரு பெட்டி, ஒரு பை, மூட்டுவலித் தைலம். இப்போதே வீடு முழுக்கத் தைல வாசனை.

தொட்டியைப் பார்த்து, "என்ன இது, கடலைப் பிடிச்சு வீட்டுக்குள்ள அடைச்சு வச்சிருக்க?" என்றார். கை கையாக மூடித் திறக்கும் அந்த வெள்ளைப் பவளத்தின் முன்னால் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழவில்லை. அதற்குக் 'கைதட்டி' என்று பெயரும் வைத்துவிட்டார். "நான் வந்தா கைதட்டுது பாரு. எனக்கு யாருமே இதுவரைக்கும் தட்டினதில்ல."

எனக்கு மட்டும் யார் தட்டினார்களாம்? ஒரு பிள்ளையைத்தான் வெளியூர் அனுப்பிப் படிக்கவைக்க முடியும் என்றார் அப்பா. இவர் போனார். அம்மா படுத்த படுக்கையாக இருந்த இரண்டு வருடமும் விருந்தாளி மாதிரி வந்து போனார்.

மார்ச் 11
காளான் சுருங்கிவிட்டது. மேலே மெழுகு மாதிரி ஒரு படலம்.

மார்ச் 15
உப்பு சரி. வெப்பம் சரி. நைட்ரேட் சரி. எல்லாம் சரியாக இருந்தால் பிறகு என்னதான் கேடு? பகலெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் ரத்தத்தைச் சோதிக்கிறேன், வீட்டுக்கு வந்தால் தண்ணீரை.

அலங்கார மீன் கடைக்காரரிடம் கேட்டேன். "புதுசா ஏதாச்சும் உள்ள வந்துச்சா மேடம்?"

புதிதாக வந்தது அண்ணன்தான்.

மார்ச் 16
தைலத்தை மொட்டை மாடியில் போய்த் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன். சரி என்றார். எதற்கெடுத்தாலும் சரி. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 20
கைதட்டி நின்றுவிட்டது. கைகள் எல்லாம் மூடி, நனைந்த பஞ்சு போலச் சாய்ந்து கிடக்கிறது. தினமும் கண்ணாடியை இரண்டு முறை துடைக்கிறேன், கிட்டத்தில் நன்றாகப் பார்க்கலாமே என்று.

சாப்பிடும்போது அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்: "நான் இங்கயே இருந்துடவா? ஒரு ஓரமா கெடந்துக்கறேன்."

தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 24
கடைக்காரர், செம்பு இருந்தால் நீலமாகும் சோதனை மருந்து கொடுத்தார். சோதனைக் குழாயில் நீலம் தெரிகிறது. வெளிர் நீலம்தான், ஆனால் நீலம். மெல்லுடல் பவளங்களுக்குச் செம்பு விஷம். எங்கிருந்து வந்தது? தானாக வருமா?

மார்ச் 25
கேட்டேன். ஒத்துக்கொண்டார்.

"நீ ரெண்டு ஷிப்ட் பாத்த அன்னிக்கு தண்ணி கொறஞ்சிருந்துச்சும்மா. பாவமா இருந்துச்சு. சமையலறைக் குழாயிலேர்ந்து ரெண்டு மக் புடிச்சு ஊத்தினேன். அப்புறம் கைதட்டி சாஞ்சு கெடந்துச்சு, உள்ள கைய விட்டு நிமித்தி வச்சேன். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! செம்பு கலந்த பழைய பித்தளைப் பைப்புத் தண்ணீர், தைலக் கை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கத்தினேன். தொட்டியில் தொடங்கி அம்மாவின் படுக்கை வரைக்கும் போய்விட்டேன். "நீ தொட்டது எது உருப்பட்டுச்சு? உன் மகனே உன்னை வச்சுக்கல, நான் எதுக்கு வச்சுக்கணும்?"

ஐம்பத்திரண்டு வயதுவரை அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இன்று 'நீ' வந்தது. வந்தது வந்ததுதான்.

மார்ச் 26
வேலைக்குப் போய்த் திரும்பினேன். பெட்டி இல்லை, பை இல்லை. போர்வையை மடித்து வைத்திருக்கிறார். வயதானவர்களுக்கான விடுதி ஒன்றின் விலாசம் சீட்டில் இருந்தது, "கவலைப்படாதே" என்ற ஒற்றை வரியோடு.

நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

ஏப்ரல் 2
கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். விஷத்தை உறிஞ்சக் கரிப் பை போட்டேன். வீட்டில் தைல வாசனை போய்விட்டது. நிம்மதி.

ஏப்ரல் 13
மூன்றாவது முறை தண்ணீர் மாற்றியாயிற்று. சோதனைக் குழாயில் நீலம் குறையவே இல்லை. இரண்டு மக் தண்ணீர் இத்தனை நாளைக்கா நிற்கும்?

காளானின் ஒரு ஓரம் கரைந்து உதிர்ந்துவிட்டது.

ஏப்ரல் 14
"எப்பலேர்ந்து இப்படி? தேதி சொல்லுங்க" என்றார் கடைக்காரர். அண்ணன் வந்த நாளிலிருந்து என்று சொல்ல இந்த நோட்டைப் புரட்டினேன்.

மார்ச் 3. "பாதிதான் விரிந்திருக்கிறது." அவர் வந்தது 6.

நானே எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான். அதே பக்கத்தில், அதற்கு மேலேயே, காந்தம்.

உள்ளே இருந்த துண்டை வெளியே எடுத்தேன். அடியில் ரப்பர் உறை வெடித்திருக்கிறது. காந்தத்தின் பூச்சு உரிந்து உள்ளே செம்பு நிறம் தெரிகிறது, ஓரமெல்லாம் துரு. ஒரு கோப்பை உப்புத் தண்ணீரில் போட்டு வைத்து, மாலையில் சோதித்தேன். கருநீலம்.

தினமும் இரண்டு முறை. நான்தான். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நானே விஷத்தைத் தடவியிருக்கிறேன்.

கூடத்தில் ஒரு முடிவு சந்தேகமாக இருந்தால் மறுபடி சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். இருபத்தெட்டு வருடப் பழக்கம். அண்ணனுக்கு மட்டும் ஒரே நாளில் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடிப் பாவி.

ஏப்ரல் 15
போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 22
எடுக்கவில்லை. விடுதிக்கே போகலாம் என்று செருப்பை மாட்டினேன். தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். போய் நின்று என்ன சொல்வது? ஒரு காந்தம் என்றா?

மே 4
நீலம் இல்லை. காளான் புதுத்தோல் போட்டிருக்கிறது.

மே 18
எல்லாம் விரிந்துவிட்டது. கைதட்டி பக்கத்துக் கல்லுக்கும் பரவிவிட்டது, இரண்டு மடங்கு.

இன்று அண்ணன் போனை எடுத்தார். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். முதல் வரி காந்தம். இரண்டாவது வரி, திரும்பி வாங்க.

"இங்க நல்லாத்தாம்மா இருக்கு. ஜன்னலோரக் கட்டில். நேத்துதான் நிரந்தரமா இருக்கேன்னு எழுதிக் குடுத்தேன்" என்றார். பிறகு, "கைதட்டி பொழச்சுதா?"

"பொழச்சிடுச்சு. நல்லாத் தட்டுது."

"அப்பாடா! நான் கெளம்பினா சரியாயிடும்னு தெரியும். என் கை பட்டுத்தானே வாடுச்சு. மனசுல வச்சுக்காதம்மா."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். தாள் கையில்தான் இருந்தது.

"நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க" என்றேன்.

போனை வைத்த பிறகு தாளை மடித்து இந்த நோட்டுக்குள் வைத்துவிட்டேன்.